கப்பலுக்குக் கூண்டு உண்டு, தெருவுக்கு?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகிவிட்டால், மறுநாள் நாளிதழ்களில் ஒரு வரி தவறாமல் வரும்: துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. படிப்பவர்களில் பலர் அந்தக் கூண்டைக் கண்ணால் கண்டதே இல்லை. கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் தொங்கும் அந்த அடையாளங்கள் ஊர்க்காரர்களுக்கானவை அல்ல, கப்பல்களுக்கானவை. மொத்தம் 11 எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கை. மூன்றும் நான்கும் துறைமுகத்திலேயே வானிலை மோசமாகப் போகிறது என்பதற்கு. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பேரபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும், நேர் மேலேயே கடக்குமா என்பதற்குக்கூடத் தனித்தனி எண் உண்டு. பதினொன்றாம் எண் ஏறினால், வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

மாலுமிக்கு இவ்வளவு விவரம் சொல்லும் அதே நாட்டில், சென்னை அசோக் நகரில் தரைத்தள வீட்டில் குடியிருப்பவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்: "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." தன் வீடு தாழ்வான பகுதியில்தான் இருக்கிறதா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "தண்ணியே நிக்காத ஏரியா சார்" என்று சொல்லித்தான் புரோக்கர் வீட்டைக் காட்டியிருப்பார்.

குளிர்காலம் என்றால் வடக்கே மூடுபனி, குளிர் அலை, பனிப்பொழிவு. தமிழ்நாட்டின் குளிர்காலம் வேறு மாதிரி. இங்கே அது ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழியில் ஓயும் வடகிழக்குப் பருவமழை. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதத்தில் பெய்கிறது. சென்னைக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் டிசம்பரில் வந்தது. கடலூரைப் புரட்டிப்போட்ட தானே 2011 டிசம்பர் 30. சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்த வர்தா 2016 டிசம்பர் 12. டெல்டாவின் தென்னைகளை முறித்த கஜா 2018 நவம்பர் 16. எப்போது ஆபத்து வரும் என்பதில் இந்த மாநிலத்துக்குப் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. நாள்காட்டியிலேயே குறித்துவைக்கலாம்.

அதனால் ஆண்டுதோறும் செப்டம்பர் வந்தால் ஆய்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. வடிகால் தூர்வாரியது எத்தனை கிலோமீட்டர், தயார் நிலையில் மோட்டார் பம்புகள் எத்தனை, படகுகள் எத்தனை, நிவாரண முகாம்கள் எத்தனை என்று பட்டியல் வெளியாகும். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை கிளம்பும். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913 என்று எண்கள் அறிவிக்கப்படும். இவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021 நவம்பரில் தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் கே.கே.நகரும் நாட்கணக்கில் மிதந்த பிறகு கட்டப்பட்ட வடிகால்களால் அசோக் நகரைச் சுற்றியுள்ள பல தெருக்களில் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது என்பதையும் மறுக்க முடியாது. டிராக்டரில் பொருத்திய மோட்டார்கள் இரவு முழுக்க ஓடுவதை அங்குள்ளவர்கள் பார்க்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு. தண்ணீர் வரப்போகிறது என்பதை, அது வரும் தெருவில் இருப்பவருக்கு, அவருக்குப் புரியும் அளவையில், அவர் ஏதாவது செய்ய நேரம் இருக்கும்போது சொல்வது.

2015 டிசம்பர் 1-ஐ எடுத்துக்கொள்ளலாம். அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் படிப்படியாக உயர்ந்து, விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. ஏரித் தண்ணீரோடு தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்து வெள்ளமும் அடையாற்றில் சேர்ந்துகொண்டது. அன்றிரவு ஆறு ஈக்காட்டுத்தாங்கலில் ஏறியது, ஜாபர்கான்பேட்டையில் ஏறியது, காசி தியேட்டர் பக்கத்துச் சாலையில் ஏறியது, அங்கிருந்து எம்.ஜி.ஆர். நகருக்கும் அசோக் நகரின் தெற்கு விளிம்புக்கும் வந்தது. கன அடிக் கணக்கு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 29,000 கன அடி என்றால் ஜாபர்கான்பேட்டையின் ஒரு தெருவில் முழங்காலா, இடுப்பா, கழுத்தா? எத்தனை மணிக்கு? அதை யாரும் சொல்லவில்லை. இரவில் மின்சாரம் போனது, கைப்பேசிகள் ஊமையாயின. துறைமுகக் கணக்கில் சொன்னால் நகரம் முழுவதற்கும் பதினொன்றாம் எண் ஏறியிருந்தது. 1878-இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல், மறுநாள் சென்னைப் பதிப்பை அச்சிடவே இல்லை.

அந்த வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை வகைப்படுத்தியது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கைக்குப் பிறகும் விவாதம் ஏரியை முன்பே திறந்திருக்கலாமா என்பதைச் சுற்றியே நடந்தது. முக்கியமான கேள்விதான். ஆனால் ஏரியை எப்போது திறந்தாலும் கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்ற கேள்விக்கு அந்த அளவு சத்தம் எழவில்லை.

எச்சரித்தார்களா இல்லையா என்ற தகராறு அதன் பின் இரண்டு முறை அரங்கேறியது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது. இத்தனை மழை வரும் என்று வானிலை மையம் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12-ஆம் தேதியே எச்சரித்தோம் என்றார் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபின் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பின்றித் திறந்ததாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்று பதில் சொன்னார் நீர்வளத்துறை அமைச்சராக இருந்த துரைமுருகன்.

இரண்டு தரப்பும் உண்மையையே சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் இதில் வேதனை. எச்சரிக்கை விடப்பட்டிருக்கும். அது கரையோர வீட்டுத் திண்ணைவரை போயிருக்காது. விட்டோமா இல்லையா என்பது கோப்பு சம்பந்தப்பட்ட விஷயம். போய்ச் சேர்ந்ததா என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

போய்ச் சேர்ந்தாலும் புரிகிறதா என்பது அடுத்த சிக்கல். வானிலைத் துறையின் வண்ணங்களைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை. அதற்கு மேல் படி இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, காயல்பட்டினத்தின் 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு. முதலாவது சென்னையில் வாகனப் போக்குவரத்தைக் கெடுக்கும். இரண்டாவது ஊரையே தீவாக்கும். இன்னொரு பக்கம், 2021 டிசம்பர் 30 அன்று எந்தப் பெரிய எச்சரிக்கையும் இல்லாமல் சில மணி நேரத்தில் சென்னை ஸ்தம்பித்தது. கணிப்பில் தவறியதை வானிலைத் துறையே ஒப்புக்கொண்டது. 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டு, பயந்த அளவு மழை வராமல் தாழ்வு மண்டலம் வடக்கே கரையைக் கடந்து போனது. வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் கேலிக்கு ஆளானார்கள்.

உண்மையில் அந்தக் கார்க்காரர்களைப் பாராட்ட வேண்டும். எச்சரிக்கையைக் கேட்டு, அதைத் தன் வீட்டுக்கான செயலாக மாற்றிய ஒரே கூட்டம் அவர்கள்தான். 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வண்டியை இழந்த அனுபவம் அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது. தண்ணீர் எதுவரை வரும், பாலத்தின் உயரம் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைத் தற்செயலாக அடிபட்டுக் கற்றவர்களிடம் மட்டும் விட்டுவைப்பதுதான் அரசு நிர்வாகத்தின் குறை.

தமிழ்நாட்டில் எல்லோரும் உடனே புரிந்துகொண்டு செயல்படும் பேரிடர் அறிவிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பள்ளிகளுக்கு விடுமுறை. வானிலை மைய இயக்குநராக இருந்த எஸ்.ஆர்.ரமணன் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு நாயகனாக இருந்தது அதனால்தான். நாளை, எந்த மாவட்டம், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா என்று அந்த அறிவிப்பில் எல்லாம் தெளிவாக இருக்கும். கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. வெள்ள எச்சரிக்கையை அந்த நேர்த்தியோடு தர முடியாதா?

முடியும் என்று மற்ற நாடுகள் காட்டியிருக்கின்றன. ஜப்பானில் எச்சரிக்கைக்கு ஐந்து நிலைகள். நான்காம் நிலை வந்தால் ஆபத்தான இடத்திலிருந்து அனைவரும் வெளியேறிவிட வேண்டும். முன்பு அந்த நிலையில் வெளியேறும்படி ஆலோசனை, வெளியேறும்படி உத்தரவு என்று இரண்டு வகை இருந்தன. எது எதைவிடக் கடுமை என்று மக்கள் குழம்பினார்கள். 2021 மே மாதம் ஆலோசனையை எடுத்துவிட்டு உத்தரவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வங்கதேசத்தின் வழி இன்னும் எளிது. 1970-இல் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட போலா புயலுக்குப் பிறகு அங்கே தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தில் தொண்டர்கள் ஊருக்கு ஊர் கொடி ஏற்றுவார்கள். ஒரு கொடி என்றால் கவனி, மூன்று கொடி என்றால் கிளம்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொடியை எண்ணத் தெரியும். அந்தத் தொண்டர்களில் பாதிப் பேர் இன்று பெண்கள்.

தொழில்நுட்பம் இல்லை என்று சென்னை சொல்ல முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு உருவாக்கப்பட்ட சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-இல் வந்தது. மழை அளவு, ஏரித் திறப்பு, கடல் ஏற்றம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வார்டு வாரியாக எங்கே எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்று வரைபடம் தரக்கூடியது அது. கடல் ஏற்றத்தைச் சேர்த்தது முக்கியம். கடல் பொங்கும் நேரத்தில் முகத்துவாரம் ஆற்று நீரை உள்வாங்காது, ஆறு நிறைந்தால் வடிகால் வழியே தண்ணீர் தெருவுக்கே எதிர்த்து வரும். ஆக, அசோக் நகர் எந்த நிலையில் எப்படி நனையும் என்பது ஏதோ ஒரு கணினித் திரையில் தெரிகிறது. பதினோராவது நிழற்சாலையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. 2024-இல் அறிமுகமான டிஎன் அலெர்ட் செயலி மழையையும் அணை நிலவரத்தையும் தமிழில் தருகிறது, நல்லது. ஆனால் செயலியைத் தேடி நிறுவுகிறவர் ஏற்கெனவே கவலைப்படுகிறவர். கவலைப்படாதவரைத் தேடிப் போவதுதான் எச்சரிக்கையின் வேலை.

அதற்குப் பெரிய செலவு வேண்டாம். முதலில், ஒவ்வொரு தெருவிலும் ஒரு மின்கம்பத்தில் 2015 வெள்ளம் எதுவரை ஏறியது, 2021-இல் எதுவரை தேங்கியது என்று இரண்டு கோடு போடலாம். ஆற்றங்கரை நகரங்கள் பலவற்றில் பழைய வெள்ள மட்டத்தைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் இதற்கு எதிர்ப்பு வரும் என்பதும் உறுதி. கோடு போட்ட தெருவில் மனை விலை இறங்கும், வாடகை குறையும் என்று வீட்டு உரிமையாளர்கள் முறையிடுவார்கள். தண்ணீர் வருவதை மறைத்து வாங்கும் வாடகையைக் காப்பாற்றுவது மாநகராட்சியின் பொறுப்பல்ல. கோடுகள் வந்தபின் அறிவிப்பு தானாக எளிமையாகிவிடும்: "இன்றிரவு பத்து மணிக்கு மேல் ஜாபர்கான்பேட்டையிலும் அசோக் நகர் தெற்கிலும் 2015 கோடுவரை தண்ணீர் வரலாம், தரைத்தளத்தில் இருப்பவர்கள் மேலே போங்கள்." ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால்கூடப் புரியும். கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் அலறல் ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறை 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டதே, அதற்கும் இந்த வாக்கியம் பொருந்தும். கணிப்பு சில முறை பொய்க்கும். கோடுவரை வராமல் பாதத்தோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓர் இரவு மாடியில் படுத்ததோடு போகும்.

"மேலே போங்கள்" என்பதில் நகரத்துக்கே உரிய விஷயம் இருக்கிறது. கடலோரக் கிராமத்தில் புயல் பாதுகாப்பு மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அசோக் நகரில் நடுத்தரக் குடும்பம் மாநகராட்சிப் பள்ளி முகாமுக்குப் போகாது. அதற்குத் தேவையும் பெரும்பாலும் இல்லை, ஏனெனில் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி இருக்கிறது. ஆனால் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கும். சாவி உரிமையாளரிடம், உரிமையாளர் அமெரிக்காவில். மின் மீட்டர் பெட்டி தரைத்தளத்தில், தண்ணீர் முதலில் தொடும் இடத்தில். சம்ப்பின் மூடி தெரு மட்டத்தில், அதனால் சாக்கடைத் தண்ணீர் கலந்த பிறகு குடிநீரும் போச்சு. லிஃப்ட் கீழே வந்து நின்று நனையும். வயதான தம்பதி தரைத்தளத்தில், படி ஏற முடியாது என்பதால் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள். வடபழனி, சாலிகிராமம், அசோக் நகர்ப் பக்கம் ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் சினிமா உதவி இயக்குநர்கள் எந்த வாக்காளர் பட்டியலிலும், எந்த ரேஷன் அட்டையிலும் அந்த முகவரியில் இல்லை. மாநில அளவிலான தயார்நிலை என்பது கடைசியில் இந்தச் சாவியில், இந்த மீட்டர் பெட்டியில், இந்தப் பட்டியலில் இல்லாதவர்களில் வந்து முட்டுகிறது. மழைக்காலத்தில் மொட்டை மாடிக் கதவைப் பூட்டக் கூடாது என்று ஓர் ஆணை போட ஆய்வுக் கூட்டம்கூடத் தேவையில்லை.

அரசு இயந்திரம் கற்றுக்கொள்ளாது என்று சொல்ல முடியாது. கற்றுக்கொண்ட ஒரு பாடம் அசோக் நகரை அடுத்தே நடந்தது. 2005 டிசம்பர் 18 அதிகாலை. எம்.ஜி.ஆர். நகர் மாநகராட்சிப் பள்ளியில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்க இருட்டிலேயே ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். அன்றோடு டோக்கன் முடிகிறது என்று ஒரு வதந்தி. மழை பிடித்துக்கொள்ள, கூட்டம் கதவை நோக்கிப் பாய, நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் வியாசர்பாடியில் இதே போன்ற நெரிசலில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அவர்களைக் கொன்றது வெள்ளம் அல்ல. "அவசரம் வேண்டாம், உங்கள் முறை இன்ன தேதியில்" என்ற ஒரு தகவல் நம்பும்படியாகப் போய்ச் சேராததுதான். அதன் பிறகு முறை மாறியது. மிக்ஜாம் நிவாரணமாக 2023 டிசம்பரில் 6,000 ரூபாய் கொடுத்தபோது, எந்த நாள், எந்த நேரம் என்று குறித்த டோக்கன்கள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, ரேஷன் கடைகள் வழியே பணம் போனது. பட்டியலில் விடுபட்டவர்கள் புகார் சொன்னார்கள், வரிசைகள் நீண்டன, ஆனால் எம்.ஜி.ஆர். நகர் மீண்டும் நடக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் ஒவ்வொரு அட்டைதாரருக்கும் தேதியும் நேரமும் சொல்லத் தெரிந்த நிர்வாகத்தால், வெள்ளம் வருமுன் தெருவுக்குத் தெரு அதைச் சொல்ல முடியாது என்பதை ஏற்பது கடினம்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், தன் வரம்புக்குள் வரும் ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. அணைக்குக் கீழே எந்தப் பகுதி மூழ்கும், யாருக்கு எப்படி எச்சரிக்கை போகும் என்பது அதில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இயங்கிவரும் அணைகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம், 2026 டிசம்பர் இறுதியோடு அது முடிகிறது. சாத்தனூருக்குத் தயாராகும் திட்டம் பொறியாளர் அலுவலகத்து அலமாரியில் ஆங்கிலத்தில் உட்கார்ந்திருந்தால் தென்பெண்ணைக் கரைக்குப் பயன் இல்லை. அதே ஒழுங்கைச் சென்னையின் ஏரிகளுக்கும் மாநில அரசு தானாகவே கொண்டுவரலாம். செம்பரம்பாக்கத்துக்கான திட்டத்தில் கன அடிக்கு எதிரே ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர், அசோக் நகர், சைதாப்பேட்டைத் தெருக்களின் பெயரும், தண்ணீர் வந்துசேரும் நேரமும், அழைத்துச் சொல்ல வேண்டியவரின் பொறுப்பும் தமிழில் அச்சாகி, வார்டு அலுவலகச் சுவரில் அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஒட்டப்பட வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் அதை ஒருமுறை வாசித்துக் காட்ட அரை மணி நேரம் போதும்.